நாயுடன் நடத்தல்: பொறுப்புப் பற்றிய ஒரு சிந்தனை

மகாபாரதத்தின் இறுதியில் வரும் மலைப்பயணத்தை நாம் அறிவோம். உடன்பிறந்தாரும் துணைவியும் வழியில் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்துவிட, தருமன் தனித்து நடக்கிறான். அவனுடன் கடைசிவரை வருவது ஒரு நாய் மட்டுமே. நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறுமாறு இந்திரன் கூற, தன்னை நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் விண்ணுலகு தனக்கு வேண்டாமென அவன் மறுக்கிறான். நாயின் வடிவில் வந்தது அறக்கடவுளே என்பது பின்னர் தெரியவருகிறது. இக்கதையைக் கேட்குந்தோறும் தருமனின் உறுதியை நாம் வியக்கிறோம். ஆயினும், அம்மலைப்பாதையோரத்தில் கூடுகட்டியிருக்கக்கூடிய பறவைகளைப் பற்றிக் கதை எதுவும் கூறவில்லை. நாய்க்கும் அதனை உடன் அழைத்துச் செல்பவருக்கும் இடையேயுள்ள அறம் அங்கே பேசப்படுகிறது. அவ்விருவருக்கும் அவர்கள் நடந்து செல்லும் நிலத்திற்கும் இடையேயுள்ள அறம் பேசப்படவில்லை. இரண்டாவதாகிய இவ்வறமே ஈண்டு நமது ஆராய்வுக்குரியது.

இவ்வினா இன்று தெளிவாக எழும் நாடுகளுள் ஒன்று இங்கிலாந்து. ஆற்றுப் பள்ளத்தாக்குகள், குன்றுகள், காடுகள் ஆகியவற்றினூடே நாயுடன் நடந்து செல்வது அங்கு ஓய்வுநாளின் வழக்கமாகவே நிலைபெற்றுவிட்டது. டார்பிஷயருக்கும் ஸ்ரபோட்ஷயருக்கும் இடையே, சுண்ணக்கற் குன்றுகளை அறுத்துக்கொண்டு ஓடும் டவ் ஆற்றின் பள்ளத்தாக்கினை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆற்றைக் கடக்க வரிசையாக இடப்பட்ட கற்களின்மீது மனிதர் கால்வைத்துத் தாண்ட, நாய்கள் நீரில் குதித்து நீந்துவதைக் காணலாம். அக்காட்சியில் குற்றங்காண யாருக்கும் மனம் வராது. குற்றமற்ற ஓர் உயிரின் மகிழ்ச்சியைக் காண்பதில் நமக்கும் ஓர் இன்பமுண்டு. ஆனால் குற்றமற்றது என்பதும் தீங்கற்றது என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மறப்பதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது.

நாயின்மீது நமது அறக்கருத்துக்களை ஏற்றிப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதனை ஒரு நிகழ்ச்சி காட்டும். 1805 ஆம் ஆண்டு ஏப்பிரலில், ஏரி மாவட்டத்திலுள்ள ஹெல்வெலின் மலையைத் தன் நாயுடன் கடக்கப் புறப்பட்ட சாள்ஸ் கொஃப் என்னும் இளைஞர் வழியில் இறந்துபட்டார். ஏறத்தாழ மூன்று மாதங்களின் பின் அவரது எலும்புகள் கண்டெடுக்கப்பட்டபோது நாய் உயிருடன் அருகிலேயே இருந்தது. வேட்ஸ்வேர்த்தும் வோல்ற்றர் ஸ்கொட்டும் அதன் பற்றுறுதியைப் போற்றிக் கவிதை பாடினர். அதே நாய் தன் எசமானின் உடலைத் தின்றே உயிர்பிழைத்தது என்ற பேச்சும் அக்காலத்திலேயே எழுந்தது. ஒருசாரார் அதனைப் புனிதமாக்கினர்; மறுசாரார் அதனை அருவருத்தனர். உண்மையில் நாய் இரண்டுக்கும் உரியதன்று. அது தன் இயல்பின்படி வாழ்ந்தது. புகழும் பழியும் தெரிவுசெய்யும் ஆற்றலுடையோர்க்கே பொருந்துவன.

மெய்யியலாளர் இதனை வேறுவகையில் கூறுவர். கடமையை அறிந்து செயற்படும் உயிர் வேறு. பிறர் கடமைக்கு உரித்தாகும் உயிர் வேறு. நாய் தீர்ப்புச் செய்யும் ஆற்றலற்றது என்பதனால் அதற்கு நாம் நேரடியாக எக்கடமையும் உடையோமல்லேம் என்றும், ஆயினும் உழைத்து முதிர்ந்த நாயைச் சுட்டுக்கொல்பவன் தன் மனிதத்தன்மையையே சிதைக்கின்றான் என்றும் கான்ற் கருதினார். பெந்தாமோ, ஓருயிர் சிந்திக்குமா பேசுமா என்பதன்று, துன்புறுமா என்பதே வினாவென 1789 இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். இவ்விருவரும் மாறுபட்டு நின்றாலும் ஓரிடத்தில் உடன்படுவர்: பொறுப்பு மனிதனிடமே உள்ளது.

அப்பொறுப்பின் அளவு யாது? இங்கு அப்பாதைகளின் வரலாறு நமக்கு உதவும். மலைகளில் நடக்கும் உரிமை அந்நாட்டு மக்களுக்கு எளிதில் கிடைத்ததன்று. 1932 ஏப்பிரல் 24 ஆம் நாள், வேட்டைப் பறவைகளுக்கென அடைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தில் சில நூறு தொழிலாளரும் இளைஞரும் தடையை மீறி ஏறினர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் தேசியப் பூங்காக்கள் தோன்றின. 2000 ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் மலை, மேட்டுநிலம், புதர்நிலம் ஆகியவற்றிற் பெரும்பகுதியை நடப்போர்க்குத் திறந்துவிட்டது. அவ்வுரிமையை வழங்கிய அதே சட்டம் ஒரு நிபந்தனையையும் விதித்தது. அவ்வாறு திறக்கப்பட்ட நிலங்களில் மார்ச் 1 தொடக்கம் யூலை 31 வரையும், கால்நடைகளின் அருகில் எக்காலத்திலும், நாயை இரண்டு மீற்றருக்கு மேற்படாத வாரிற் பிடித்துச் செல்லல் வேண்டும்.

இந்நிபந்தனையின் காரணம் வெளிப்படையானது. வானம்பாடி போன்ற பறவைகள் நிலத்திலேயே கூடமைப்பன. செம்மறிகள் குட்டியீனும் பருவமும் அதுவே. சினையுற்ற ஆடு கடிபடாமலே, துரத்தப்பட்ட அச்சத்தினாலேயே கருச்சிதைவுறக்கூடும். "என் நாய் ஒன்றும் செய்யாது" என்பது நாய் வளர்ப்போர் வழக்கமாகக் கூறும் வாசகம். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் முட்டையின்மீது அமர்ந்திருக்கும் பறவை அந்நாயின் நற்குணத்தை விசாரித்தறிய வழியில்லை. அதற்கு நாயும் நரியும் ஒன்றே. அது எழுந்து பறக்கிறது; முட்டை குளிர்கிறது. இங்கே யாரும் எத்தீமையும் எண்ணவில்லை. ஆயினும் தீங்கு நிகழ்ந்துவிட்டது.

ஓடுவது நாயின் இயல்பாயிற்றே, இயல்பைக் கட்டுவது கொடுமையன்றோ என வினவலாம். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. வாரிற் கட்டுண்ட நாய் ஓர் இன்பத்தை இழக்கிறது என்பது மெய்யே. ஆனால் கட்டாமல் விடுவதன் விளைவையும் நோக்குதல் வேண்டும். 1953 ஆம் ஆண்டுச் சட்டப்படி, கால்நடைகளைத் துன்புறுத்தும் நாயின் உரிமையாளரும் அதனை அழைத்து வந்தவருமே குற்றவாளிகளாவர். 1971 ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டமோ, வேறு வழியின்றித் தன் மந்தையைக் காப்பதற்காக அந்நாயைக் கொன்ற விவசாயிக்கு, உரிமையாளர் தொடுக்கும் நட்டஈட்டு வழக்கில் எதிர்வாதம் அளிக்கிறது. சட்டம் பழியை மனிதன்மீது சுமத்துகிறது. துப்பாக்கிக் குண்டோ நாயின்மீது பாய்கிறது. எசமானின் அசட்டைக்கு அறியாத உயிர் தன் உயிரையே விலையாகத் தருகிறது. இதனை எண்ணுவோர், அந்த இரண்டு மீற்றர் வாரினைக் கொடுமையெனக் கூறத் தயங்குவர்.

இதுவரை கூறியது எளிய பகுதியே. இதனினும் கடினமான பகுதி, நாய் எதனையும் துரத்தாதபோதும் எழுவது. பெல்ஜியத்தில் கென்ற் நகரையடுத்த இயற்கைக் காப்பிடங்களில் நடத்தப்பட்டு 2022 இல் வெளியான ஆய்வொன்று, நாய்களின் கழிவினால் ஆண்டொன்றுக்கு ஹெக்ரேயருக்குச் சராசரியாக 11 கிலோகிராம் நைதரசனும் 5 கிலோகிராம் பொசுபரசும் மண்ணிற் சேர்வதாகக் கணித்தது. வளங்குன்றிய மண்ணிலேயே தழைக்கும் அரிய செடிகளுக்கு இவ்வளம் நஞ்சாகிறது. நாயை வாரிற் பிடித்தாலோ இக்கழிவு பாதையோரத்தில் இன்னும் செறிந்து குவிகிறது. மலத்தை அள்ளிச் செல்வது பொசுபரசை பெரும்பாலும் நீக்கும். சிறுநீரை யார் அள்ளுவர்? இதுபோன்றே, 2016 தொடக்கம் 2018 வரை இங்கிலாந்தின் 20 ஆறுகளிற் பெறப்பட்ட நீர் மாதிரிகளை ஆராய்ந்தோர், அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பிப்ரோனில் என்னும் பூச்சிநாசினியைக் கண்டனர். தெள்ளுப்பூச்சிகளை ஒழிப்பதற்கு நாயின் தோலில் இடப்படும் மருந்துகளில் அது அடங்கியுள்ளது. மருந்திட்ட நாய் ஆற்றில் மகிழ்ந்து நீந்துகையில், நீர்வாழ் பூச்சிகளுக்கு நஞ்சும் உடன் கரைகிறது. நாயின் நலன் கருதி அன்போடு செய்த செயலே இங்கு தீங்கின் ஊற்றாகிறது.

ஒரு நாயினால் ஒரு பள்ளத்தாக்கு கெட்டுவிடாது. இதனை எல்லோரும் அறிவர். ஒவ்வொருவரும் இதனையே கூறிக்கொண்டு வரும்போது பள்ளத்தாக்கு கெட்டுவிடுகிறது. கூட்டாக நிகழும் தீங்கில் தனியொருவரின் பங்கு கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது என்பது, அப்பங்கு இல்லை என்பதற்குச் சான்றாகாது. நம் காலத்தின் பெருந்தீங்குகள் பல இவ்வகையின. அவற்றைச் செய்வோர் கொடியோரல்லர். தத்தம் அன்புக்குரியவற்றைப் பேணும் சாதாரண மனிதரே.

அவ்வாறாயின் நாய்களைப் பாதைகளிலிருந்து அறவே விலக்கிவிடலாமா? அதுவும் நேர்மையான விடையன்று. தனித்து வாழும் முதியோர் பலரை வீட்டுக்கு வெளியே அழைத்து வருவது நாயே. ஒரே பாதையில் நாள்தோறும் நாயுடன் நடப்பவர், பருவங்களின் மாற்றத்தை அங்கு ஒருமுறை வந்துசெல்லும் பயணியினும் நன்கறிவார். நிலத்தைக் காக்க முன்வரக்கூடியோரும் அவரே. அவரை வெளியேற்றிக் காக்கப்படும் நிலம், காக்க எவருமற்ற நிலமாகவும் ஆகிவிடலாம்.

ஆகவே, வேண்டப்படுவது விலக்கன்று. அறிந்தவர் அறியாததன் சுமையையும் சேர்த்துச் சுமத்தல். வாருக்கு இரு முனைகள் உண்டு. ஒரு முனை நாயின் கழுத்தில் உள்ளது. மறுமுனை மனிதனின் கையில் உள்ளது. கட்டுண்டது நாய் மட்டுமே என நாம் எண்ணுகிறோம். ஆனால் எப்பருவத்தில் எப்பாதையைத் தவிர்ப்பது, மருந்திட்டபின் எத்தனை நாள் ஆற்றில் இறங்கவிடாதிருப்பது, எவ்விடத்தில் திரும்பிவிடுவது என்பனவெல்லாம் கையிலுள்ள முனைக்குரிய கடமைகள். அவற்றை நாய் ஒருபோதும் அறியப்போவதில்லை. அதன் பொருட்டு அவர் செய்த துறவுக்கு அது நன்றி கூறப்போவதுமில்லை.

தருமன் விண்ணுலகின் வாயிலில் நின்று நாயைக் கைவிட மறுத்தான். கைவிடாமை என்பது உடன் அழைத்துச் செல்வது மட்டுமன்று; உடன் வருவதன் செயலுக்குத் தானே விடையிறுக்க ஒப்புவதுமாகும். நம்மை நம்பி வரும் உயிருக்கும், அவ்வுயிர் மிதித்துச் செல்லும் புல்லுக்கும் ஒருசேர விடையிறுத்தல் எளிதன்று. பொறுப்பென்று நாம் வழங்கும் சொல்லின் முழுப்பொருள் அதுவே.