கூட்டுச் சொத்து

மைசூருக்கு வடமேற்கே, கிருஷ்ணராஜ சாகர் அணைக்குப் பின்னால், காவிரியும் ஹேமாவதியும் லட்சுமண தீர்த்தமும் சேர்ந்து தேங்கி நிற்கின்றன. 1911இல் கட்டத் தொடங்கிய அணை, நிரம்பினால் 124.80 அடி, 49.45 டி.எம்.சி. தண்ணீர். கோடையில் கரை வெகுதூரம் பின்வாங்கினாலும் பாய்மரப் படகு ஓட்ட இடம் மிச்சமிருக்கும். ஓட்டக் கற்றுத்தரும் கழகமும் அங்கே உண்டு. புதிதாகப் படகு வாங்கிய ஒருவர் ஒரு கோடை நாளில் அதை இந்த நீரில் இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். படகு அவருடையது, ரசீது இருக்கிறது. படகை நகர்த்தும் காற்றோ, அதைத் தாங்கும் நீரோ அவருடையதல்ல. அப்படியிருக்க, அக்கரை போய்ச் சேர்ந்ததும் ‘நான் ஓட்டினேன்’ என்று அவர் சொல்வது சரியா? விளையாட்டுக் கேள்விபோல் தோன்றும். காற்றின் இடத்தில் இறைவன் அருளை வைத்துப் பாருங்கள்: தமிழ் வைணவம் வடகலை, தென்கலை என இரண்டு கலைகளாகப் பிரிந்ததில் இந்தக் கேள்விக்குப் பெரும் பங்குண்டு.

அந்த வாதத்தின் தடம் மைசூர் வட்டாரத்திலேயே பதிந்திருக்கிறது. அணைக்கு வடக்கே உள்ள மேல்கோட்டையில் 12ஆம் நூற்றாண்டில் இரு கலையாருக்கும் பொது ஆசாரியரான இராமானுசர் தங்கியிருந்தார். திருவரங்கம் படையெடுப்புக்கு ஆளானபோது வடகலையாரின் ஆசாரியர் வேதாந்த தேசிகர் வந்து ஒதுங்கியதாக மரபு சொல்லும் சத்தியாகாலம் கொள்ளேகால் பக்கம் இருக்கிறது. அவர் வழிவந்த பரகால மடத்தின் ஜீயர்கள் மைசூர் உடையார்களுக்கு ராஜகுருக்கள். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் உயிர் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வடகலை. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் அவனே கொண்டுசெல்வான் என்பது தென்கலை. இரண்டும் மறக்க முடியாத உவமைகள்தாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே குறை: உயிரின் பங்கு இவ்வளவு, இறைவன் பங்கு இவ்வளவு என்று பிரித்து அளக்கலாம் என்ற நினைப்பை இரண்டுமே வளர்க்கின்றன.

பாய்மரப் படகில் இந்த அளவை செல்லாது. காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, ஆள் பாயை விரித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது கரையில் நிற்பவர் நினைப்பு. அருட்காற்று ஓயாமல் வீசுகிறது, பாயை விரிப்பதே நம் வேலை என்ற பொருளில் இராமகிருஷ்ண பரமஹம்சர் பெயரால் வழங்கும் உவமையும் இந்த ஒரு நிலையைத்தான் காட்டுகிறது. படகு காற்றை எதிர்த்தும் ஏறும். நேர் எதிரே போக முடியாது. காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைக்குள் பாய் வெறுமனே படபடக்கும். அதற்கு வெளியே நின்று, இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி ஏற வேண்டும். அப்போது வளைந்த பாயைத் தழுவிப் போகும் காற்று, படகை முன்னுக்குக் கொஞ்சமும் பக்கவாட்டில் நிறையவும் இழுக்கிறது. அடியில் இறக்கிய நடுப்பலகை நீரில் ஊன்றிப் பக்கவாட்டு இழுப்பைத் தடுப்பதால் முன்னோட்டம் மிஞ்சுகிறது. பலகையைத் தூக்கிவிட்டால் அதே காற்றும் அதே ஆளும் இருந்தும் படகு ஒதுங்கி ஒதுங்கிக் கரையில் போய் முட்டும். இந்த ஓட்டத்தில் எத்தனை முழம் காற்றுடையது, எத்தனை முழம் ஓட்டியவருடையது? காற்றில்லாமல் ஒரு முழமும் இல்லை; எதிர்த்து ஏறிய ஒரு முழத்தையும் காற்று தானாகத் தந்திருக்காது.

குரங்கும் பூனையும் வாதத்துக்குள் வருவதற்கு முன்பே, பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் இராமானுசர் இதற்கு வழி சொல்லிவிட்டார். அந்தச் சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், உயிரின் செயல் பரம்பொருளைச் சார்ந்தது என்னும் இடத்தில் அவர் காட்டுவது ஒரு பத்திர வழக்கு. இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவர் மூன்றாமவருக்குக் கொடுக்க விரும்பினால் மற்றவரின் இசைவு வேண்டும். ஆனாலும் அந்த இசைவைப் பெற்றுக் கொடுத்தவர் முதலாமவர். பலன் அவரையே சேரும். பாதிக்குப் பாதி என்ற பேச்சே இதில் இல்லை. செயல் முழுவதும் இசைவால் நடக்கிறது, முழுவதும் முனைந்தவருடையதாகவும் இருக்கிறது. இவ்வளவு நுணுக்கம் எதற்கு? செய்பவன் உயிரல்ல என்றால், இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்லும் வேதத்தைக் கேட்க ஆளில்லாமல் போகும். படகைக் கவிழ்த்துவிட்டுக் காற்றைக் குறை சொல்பவரை எந்தப் பயிற்சியாளரும் மதிப்பதில்லை. பாய்க்கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டி வைத்தது யார் என்றுதான் கேட்பார்.

காற்றுக்கு மனமில்லை, இறைவனுக்கு உண்டே என்று கேட்கலாம். உண்மைதான், கோடை நண்பகலில் காற்று செத்துப்போகும், அருள் அப்படிச் சாகும் என்று எந்த ஆசாரியரும் ஒப்பமாட்டார். கொடுப்பவரின் இயல்பைப் படகிலிருந்து கற்க முடியாது. ஆனால் இங்கே வழக்கு பெறுபவனைப் பற்றியது. மனமற்ற ஒன்றை முழுக்கச் சார்ந்திருந்தும் ஒருவன் செயல் அவனுடையதாகவே நிற்கிறது என்றால், அன்புள்ள ஒருவனைச் சார்ந்திருப்பதால் அது பறிபோகும் என்று அஞ்சக் காரணமில்லை. மோட்டாரைப் பொருத்திக்கொண்டு காற்றை உதறிவிடலாமே என்பவருக்கு விடை நீளாது: கேள்வி பெட்ரோலுக்குப் போய்ச் சேரும்.

தென்கலையின் மறுப்பு இவற்றைவிடக் கனமானது. முயற்சி என்று எதைச் சொன்னாலும் அது அருளுக்கு விலை வைப்பதாகும். உயிர் செய்யக்கூடியது விலக்காமை ஒன்றே என்பது அவர்கள் வாதம். படகு அவர்கள் பக்கமும் சாட்சி சொல்கிறது. திடீரெனக் காற்று பலக்கும்போது புதியவர் கை கயிற்றை இன்னும் இறுக்கும், படகு சாயும். கயிற்றை விட்டால் பாய் காற்றை உதிர்க்கும், படகு தானே நிமிரும். விடுவதும் ஒரு முயற்சிதானே என்று வடகலையார் மடக்கலாம். அது எனக்கு வக்கீல் சாமர்த்தியமாகவே படுகிறது. விரிந்த கை படகுக்கு எந்த விசையும் தரவில்லை, குறுக்கே நிற்பதை நிறுத்தியது, அவ்வளவே. ஆனால் கூட்டுச் சொத்தில் இசைவு இரு தரப்புக்கும் வேண்டியது. மற்றவர் முனையும்போது நாம் தடுக்காமலிருப்பதும் இசைவுதான். விலக்காமையை அப்படிப் படித்தால் அது இராமானுசர் பத்திரத்துக்கு வெளியே போகவில்லை. உயிரே அவன் உடைமையாயிற்றே, உடைமைக்கு ஏது கையெழுத்து என்பார்கள் தென்கலையார். இராமானுசருக்கும் உயிர் அவன் உடைமைதான். அது தெரிந்தும் அவர் இந்த உவமையை எடுத்தார் என்றால், இந்த உடைமைக்கு அறிவு உண்டு, மாட்டேன் என்று சொல்லவும் முடியும் என்பதை அவர் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை.