சுத்தியலால் சொன்னது

தென்கொரியச் சிற்பி யீ சூக்யுங்கின் ‘மொழிபெயர்க்கப்பட்ட ஜாடி’ வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடிக்கிறதாலேயே ஒரு சங்கடம்.

இந்தச் சிற்பங்களுக்காக யீ மண் பிசைவதில்லை. கொரியோ, ஜோசோன் காலத்து மாதிரிகளில் பீங்கான் வனையும் இன்றைய தேர்ந்த குயவர்கள், சூளையிலிருந்து எடுத்த பாத்திரத்தில் சிறு குறை தெரிந்தாலும் உடைத்துப் போட்டுவிடுவார்கள். அந்தச் சில்லுகளைத்தான் யீ வாங்கிவந்து, பொருந்துகிற இடம் பார்த்து எப்பாக்சி பசையால் ஒட்டுகிறார். ஒட்டிய கோட்டின் மேல் தங்க ரேக்கு. கொரிய மொழியில் ‘கும்’ என்றால் விரிசல், தங்கமும் ‘கும்’தான். கடைசியில் கிடைப்பது ஜாடி இல்லை. புடைத்து, கொப்பளித்து, ஒரு கழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வயிறு முளைத்து நிற்கிற ஏதோ ஓர் உயிர். 2017 வெனிஸ் பினாலேயில் நின்றது ஏறத்தாழ 5 மீட்டர் உயரம்.

இதை ஜப்பானின் கின்ட்சுகியோடு சேர்த்துப் பேசுகிறார்கள். (இன்ஸ்டாகிராமில் கின்ட்சுகி படும் பாடு தனிக்கதை.) அங்கே கிண்ணம் கைதவறி உடைகிறது, ஒட்டியதும் திரும்பக் கிண்ணமாகிறது. இங்கே செய்தவரே தீர்மானித்து உடைத்திருக்கிறார். ‘இது என் பேரில் வெளியே போகக் கூடாது’ என்று சுத்தியலால் சொல்லியிருக்கிறார். அதை இன்னொருத்தர் எடுத்துக் கண்காட்சியில் வைக்கலாமா?

காஃப்கா எரிக்கச் சொன்ன பிரதிகளை மாக்ஸ் ப்ராட் அச்சுக்குக் கொடுத்தார்; 1925இல் ‘விசாரணை’ வந்தது. நாமும் கூச்சமில்லாமல் படிக்கிறோம். ஆனா ப்ராட் அதைக் காஃப்காவின் பேரில் போட்டார். குயவர் வேண்டாமென்ற ஜாடியை யீ மறுபடி ஜாடியாக்கி அவர் தலையில் கட்டவில்லை. அந்த ‘வேண்டாம்’ தங்கக் கோடாக அப்படியே தெரிகிறது. அதனால் என் மனசு யீ பக்கம்தான்.

அதோடு முடிந்தால் நிம்மதி. மறுப்பை மதிக்கிறதென்றால் குயவர் பேரைச் சொல்லக் கூடாது. சொல்லாவிட்டால், அந்த வளைவுக்காக அவர் கை பழகிய வருஷங்கள் யார் கணக்கில் சேரும்? நாம் நின்று வியக்கிற இளம்பச்சைப் பூச்சு யீயினுடையது இல்லையே. ‘கண்டெடுத்த பொருள்’ என்கிற கலைச்சொல்லில் கண்டெடுத்தவர் மட்டும்தான் தெரிகிறார். ஓட்டாஞ்சில்லு வச்சுப் பாண்டி ஆடுகிற பிள்ளையும் குயவரைக் கேட்டுவிட்டா எடுக்குது? கேட்க வேண்டியதில்லைதான். அந்தச் சில்லுக்கு யாரும் விலை போடுவதில்லை.

உடைத்த குயவர் ஒருவர் அந்தச் சிற்பத்தின் முன்னால் வந்து நின்று, தன் சில்லை அடையாளம் கண்டுகொண்டால் கோபம் வருமா, பெருமை வருமா? எனக்கென்னவோ, முதல்ல அந்தக் குறை எங்கே என்றுதான் தேடுவார் என்று தோன்றுகிறது.