இரக்கமில்லையா, நேரமில்லையா?

"கல்நெஞ்சுக்காரி!"

பக்கத்துக் கட்டில் பாட்டியின் மருமகள் அப்படித்தான் சொன்னார். நானும் ஆமென்று தலையசைத்தேன். பட்டம் பெற்றவள், பள்ளியில் பாடம் சொல்பவள், எதையும் ஏன் எதற்கு என்று கேட்கப் பழகியவள், அன்று ஒரு கேள்வியும் கேட்காமல் தலையசைத்தேன்!

அப்பத்தாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. திண்டுக்கல் வட்டாரத்து மருத்துவமனை ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஒன்பது இரவுகள் அவள் காலடியில் கிடந்தேன். மூன்றாம் இரவு, எடை கட்டித் தொங்கவிட்ட கால் மரத்துப்போயிற்று. நான் தொடக்கூடாத கால் அது. "ஏ தாயி, இந்தக் காலைக் கொஞ்சம் சரிபண்ணி வையேன்" என்று கெஞ்சினாள் கிழவி. "இதோ வர்றேன் பாட்டி" என்று சென்ற செவிலி திரும்பி வர முக்கால் மணி நேரமாயிற்று. பொழுது விடிந்ததும் புகார் ஏட்டைக் கேட்டு வாங்கினேன். கல்லூரியில் கற்ற தமிழ் முழுவதும் அன்று கைகொடுத்தது. கடமை மறந்தவர், கனிவு துறந்தவர் என்று ஒரு பக்கம் நிறைய எழுதிக் கையெழுத்தும் இட்டேன்.

நான்காம் இரவு உறக்கம் வரவில்லை. பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், அந்தச் செவிலி எங்கள் கட்டிலைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கோடு போட்டேன். பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் 26 கோடுகள்! அவற்றில் நோயாளி ஒருவரைத் தொடுவதற்காகச் சென்றவை ஏழே ஏழு. மற்ற நடையெல்லாம் எதற்கு? ஊசி மருந்து வார்டின் இந்தக் கோடியில், அதை வைத்த அலமாரியின் சாவி அந்தக் கோடியில். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று, வார்டு இரண்டு. இரவல் வாங்க ஒரு நடை, திருப்பிக் கொடுக்க ஒரு நடை. பரிசோதனைக்கான இரத்தக் குழாயை எடுத்துச் செல்ல ஆளில்லை, அதுவும் அவரே. இடையிடையே பதிவேடுகள். படுக்கைக் கணக்கு, மருந்துக் கணக்கு, அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைக்கும் கணக்கு என்று ஒரே செய்தி மூன்று ஏடுகளில் மும்முறை! பூட்டுக்குப் புகழ்பெற்ற ஊர் நம்முடையது. அந்த ஊரை அடுத்து, சாவி தேடியே ஒரு பெண்ணின் இரவு கரைகிறது.

நாற்பதுக்கு மேற்பட்ட கட்டில்கள். செவிலி ஒருவர். கல் எங்கே இருந்தது தோழர்களே, அவர் நெஞ்சிலா?

செவிலியரைத் தேவதை என்று பாராட்டுவது நம் வழக்கம். மே 12 வந்தால் மலர்கொத்து, மேடை, மாலை. தேவதைக்குக் கால் வலிக்காது, பசிக்காது, ஒரே நேரத்தில் ஓரிடத்தில் மட்டுமே இருக்கமுடியும் என்ற கட்டுப்பாடும் இல்லை. ஆகவே தேவதைக்கு அலமாரியை அருகில் வைக்கவேண்டியதில்லை! பாராட்டு என்ற பெயரில் நாம் தட்டிக்கழிக்கும் பொறுப்பு இது. அவர் தாமதித்தால், தேவதை உடனே கல்நெஞ்சுக்காரி ஆகிவிடுகிறார்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1853இல் லண்டனில் ஒரு சிறு மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றபோது முதலில் கேட்டவை எவை தெரியுமா? மாடிதோறும் வெந்நீர்க் குழாய். உணவை மேலே ஏற்ற ஒரு பொறி. எந்த நோயாளி அழைக்கிறார் என்று காட்டும் மணி. இவையின்றேல் செவிலி படியேறி இறங்கும் கால்களாக மட்டுமே மிஞ்சுவார் என்பதை அவர் அறிந்திருந்தார். நாமோ அவர் கையில் விளக்கைக் கொடுத்துப் படமாக்கிச் சுவரில் மாட்டினோம். குழாய் கேட்டதை மறந்தோம்.

மறக்காதவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 2008இல், செவிலியரின் நேரத்தை மீட்டு நோயாளிக்குத் தருவதற்கென்றே ஒரு திட்டம் நாடளாவத் தொடங்கியது. மோட்டார் கார்த் தொழிற்சாலைகளில் கண்ட முறையே அதன் வேர். செவிலியரே தம் நடையை வார்டின் வரைபடத்தில் கோடாக வரைந்தனர். சிக்குண்ட நூற்கண்டு போல் வந்த படத்தைப் பார்த்து, அலமாரியையும் தள்ளுவண்டியையும் இடம் மாற்றினர். கொழும்பு காசல் வீதி மகளிர் மருத்துவமனையோ இதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டிலிருந்து, வேண்டாததை அகற்றி வேண்டியதற்கு இடம் குறிக்கும் சப்பானிய ஒழுங்குமுறையைக் கையாண்டு பெயர் பெற்றது. அண்டையிலுள்ள மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் தோன்றிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். ஒரு மேசையில் அறுவை முடியுமுன் அடுத்த மேசையில் அடுத்தவர் ஆயத்தம். மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாவதில்லை. மருத்துவரின் நேரம் பொன் என்று கண்டோம், போற்றினோம். செவிலியின் நேரம் மட்டும் ஏன் மண்ணாயிற்று?

ஒரு அச்சமும் உண்டு. மிச்சமாகும் நேரம் யாருக்குச் சொந்தம்? ஒரு மணி நேரம் மீந்ததென்றால், "அப்படியானால் ஒரு செவிலி குறைவாகப் போதுமே" என்று கணக்குப் போடும் கைகள் நம் நாட்டில் ஏராளம். பயிற்சி மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 செவிலி என்பது இந்திய செவிலியர் மன்றம் வகுத்த அளவு. நடைமுறையோ வேறு. 2015இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட செவிலியர், 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் அமர்ந்து போராட நேர்ந்ததும் நினைவிருக்கும். ஆள் குறைக்கும் கத்தியாகச் சிக்கனம் வருமாயின் அதை எதிர்த்தே தீரவேண்டும். மீட்ட நேரம் கட்டிலுக்கே திரும்பவேண்டும். நேரம் கிடைத்தவரெல்லாம் கனிவு காட்டுவர் என்று நான் சாதிக்கவில்லை. கனிவுள்ளவரும் நேரமின்றேல் என் செய்வார்?

2022 சனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. திண்டுக்கல்லும் அவற்றுள் ஒன்று. பெருமைதான். இனி எந்த ஊரில் எந்த வார்டு எழும்பினாலும், அலமாரி எங்கே நிற்கவேண்டும் என்று பொறியாளர் செவிலியைக் கேட்கவேண்டும் என்பதே என் ஆசை.

ஏழாம் நாள், எழுதியதை அடித்துவிட எண்ணிப் புகார் ஏட்டைத் தேடினேன். அலுவலகத்துக்குப் போய்விட்டதாம். இரவு அந்தச் செவிலி அப்பத்தாவின் காலைச் சரிசெய்ய வந்தபோது, குன்றிப்போய் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நீங்க எழுதினதா டீச்சர்? தமிழ் நல்லா இருந்துச்சு. விளக்கம் கேட்டிருக்காங்க, ரெண்டு பக்கம் எழுதித் தரணும். அதுக்குத்தான் இன்னும் நேரம் வாய்க்கல."

இருபதாம் கட்டிலிலிருந்து யாரோ அழைத்தார்கள். போய்விட்டார்.