முதிராத உடலும் முதிர்ந்தோர் கடனும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில் அமைந்த சம்பூர், வயலும் கடலும் கால்நடையும் ஒருங்கே வாய்த்த ஊர். அங்குள்ள பட்டிகளில் எருமைக் கன்று பிறந்த சில மணி நேரத்துள் எழுந்து நின்று தாய்மடி தேடுகின்றது. மனிதக் குழந்தையோ தலையை நிமிர்த்தவே மூன்று நான்கு மாதம் கொள்கின்றது. இதனை இயற்கையின் குறைபாடெனக் கொள்ளல் தகுமா?

சுவிற்சர்லாந்து உயிரியலறிஞர் அடொல்ப் போட்மன் 1940களில் இதற்கொரு விளக்கம் தந்தார். உயர் விலங்குகளின் குட்டிகள் பிறக்கும்போதே பெற்றிருக்கும் முதிர்ச்சியை மனிதக் குழந்தை கருவில் எய்துவதாயின், அது சுமார் 21 மாதம் அங்கிருத்தல் வேண்டும்; எனவே முதலாண்டு கருப்பைக்குப் புறத்தே கழியும் கருக்காலமே என்றார். உடற்கூறும் இதற்கு அரண் செய்கின்றது. பிறந்த குழந்தையின் தசை அதன் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கு. வளர்ந்த ஆணில் ஐந்தில் இரண்டு பங்கு. தசைநார்களின் எண்ணிக்கை பெரும்பாலும் பிறப்புக்கு முன்னரே அமைந்துவிடுகின்றது. பின்னர் நிகழ்வன, உள்ள நார்கள் தடித்து நீளுதலும், மூளையிலிருந்து இறங்கும் நரம்புகள் கொழுப்புறை பெற்று அவற்றை ஆளத் தொடங்குதலுமாம். இவ்வாளுகை தலையிலிருந்து காலை நோக்கிச் செல்வதனாலேயே கழுத்து முந்தியும் கால் பிந்தியும் வசமாகின்றன. செங்கீரையை முன்னும் வருகையைப் பின்னும் வைத்த பிள்ளைத்தமிழ்ப் புலவர் இதனைத் தொட்டிலருகே கண்டறிந்தனர் போலும்.

கன்றின் வலிமை கன்றிடமே உளது. குழந்தையின் வலிமையிற் பெரும்பகுதி தாய் உண்ணும் சோற்றிலும், அதனை ஏந்தும் கைகளிலும் இருக்கின்றது. ஆயின் உள்ளதொன்றிலிருந்து ஆகவேண்டியதைப் பெறவியலாது என ஹியூமின் வழிவந்தோர் மறுப்பர். மறுப்பு வலிதே. எனினும் குழந்தையைக் காத்தல் கடன் என்பதை ஈண்டு எவரும் நிறுவவேண்டியதில்லை. உடலியல் உணர்த்துவது அக்கடனுக்குரிய தவணையை மாத்திரமே.

2006 ஏப்ரலில் போர் மூண்டபோது சம்பூர் மக்கள் ஊரை விட்டகன்றனர். மட்டக்களப்புக்குச் சென்றோர் பலர் பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக்கணக்கில் தங்கினர். 818 ஏக்கர் நிலம் 2015 இலும், கடற்படை முகாம் இருந்த நிலம் 2016 மார்ச்சிலும் விடுவிக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் முகாமிற் கருவாகி, பிறந்து, தவழ்ந்து, நடை பயின்று, பள்ளி சென்ற பிள்ளைகள் உளர்.

அவர்கள் யாவரும் நலிந்தனர் என்பது நம் கூற்றன்று. குழந்தையுடல் மீளுந்திறன் மிக்கது. நல்லுணவு பிந்திக் கிடைப்பினும் இழந்த நிறையைப் பெரிதும் ஈட்டிக்கொள்ளும். ஆனால் இத்திறனைக் காட்டியே தாமதத்தைப் பொறுக்கத்தக்கதாக்குவோர் உளர். தவணை தப்பிய கடனாளி, தனக்குக் கடன் கொடுத்தவனை நோக்கி, 'உமக்கு நட்டம் நேர்ந்ததை முதலில் நிறுவும்' எனக் கேட்பது போன்றது அவ்வாதம். காடு மூடிய வயலை வெட்டித் திருத்தலாம். ஆறாம் மாதத்தைப் பத்தாம் வயதில் ஒருவருக்குக் கொடுத்தல் இயலாது.

இங்குக் கடனாளி யார் என்பதும் ஆராயத்தக்கது. பெற்றோரே முதற்கண் பொறுப்புடையோர் என்பது வழக்கு. அவ்வழக்கு, பெற்றோரிடம் வயலும் வலையும் மாடும் இருத்தலை எண்ணி எழுந்தது. அவற்றை ஒருவர் எடுத்துக்கொள்வாராயின், எடுத்த நாள் தொட்டு அக்குழந்தைகளின் பசியும் அவர் பொறுப்பாகின்றது. நிலத்தை ஒப்படைத்த நாளில் அப்பொறுப்பு முற்றாக நீங்கிவிடுவதில்லை.