காலம் அறிதலும் கோப்பு நகர்தலும்

அரசு அலுவலரின் அறம் யாது? விதி வழுவாமை என்பதே நாம் பழகிய விடை. ஆளுக்கொரு நீதி ஆகாது என்பதற்காகவே விதி தோன்றிற்று; பொதுப்பணம் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வேண்டும் என்பதற்காகவே கோப்பு தோன்றிற்று. ஆகவே அவற்றைப் பழித்தல் முறையன்று. ஆயினும், உயிர் ஊசலாடும் வேளையில் அவ்வறம் ஒன்றே போதுமா?

மைசூரில் வாழும் நமக்கு இஃது ஏட்டளவிலான வினா அன்று. 2021 மே 2ஆம் நாள் இரவு, கொரோனா இரண்டாம் அலையின்போது, சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் பிராணவாயுவுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. ஒரே நாளுக்குள் 24 நோயாளிகள் மாண்டனர். சிலிண்டர்கள் வரவேண்டிய ஊர் நம் மைசூர். 1997 வரை இரண்டும் ஒரே மாவட்டம். இறப்புக்குப் பின், பிழை எந்த மாவட்டத்தினது என்னும் வழக்காடல் எழுந்தது. மைசூர் நிர்வாகம் தடுத்தது என்னும் குற்றச்சாட்டை உயர் நீதிமன்றம் அமைத்த குழு ஏற்கவில்லை. நன்று. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது: எவரையும் கேளாது வண்டியை அனுப்பும் பொறுப்பு அவ்விரவில் யாருடையது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 50ஆம் பிரிவில், நெருக்கடி வேளையில் ஒப்பந்தப்புள்ளி கோராமலே பொருள் வாங்க இடமளிக்கிறது. குறைவது துணிவே. விரைந்து வாங்கியவர் பெயர் கோப்பில் நிற்கும். நாளை தணிக்கை அவரைக் கேட்கும். வாளாவிருந்தவர் பெயர் எங்கும் பதிவாவதில்லை. செயலுக்குக் கையொப்பம் உண்டு, தாமதத்துக்கு இல்லை. இக்குறையே நல்லவரையும் தயங்க வைக்கிறது.

அவசரத்தின் பெயரால் ஊழல் நுழையாதா எனலாம். நுழையக்கூடும். அதற்கு மருந்து, செயலுக்குப் பின் கடுமையாகக் கணக்குக் கேட்பதே; செயலுக்கு முன் காத்திருப்பது அன்று.

ஒடிசாவைக் காண்க. 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மடிந்தனர். 2013இல் பைலின் புயலின்போது சுமார் 10 லட்சம் மக்கள் முன்னரே அப்புறப்படுத்தப்பட்டனர். சாவு சில பத்துகளில் நின்றது. புகலிடங்களும் பொறுப்புகளும் புயலுக்கு முன்பே வகுக்கப்பட்டிருந்தன.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய மூன்று அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்தார். நம் அலுவலகங்கள் வலியையும் இடத்தையும் பட்டியலிடுகின்றன, காலத்தை மறக்கின்றன. நெருக்கடியில் முடிவெடுப்பவர் இன்னார் என அமைதிக் காலத்திலேயே எழுதி வைப்போம். தாமதித்தவரும் காரணம் எழுதட்டும். அதுவே விதியையும் உயிரையும் ஒருங்கே காக்கும் வழி.