கூட இருப்பவரின் கூலி

திருவதிகை வீரட்டானத்துக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அப்பரின் சூலை நோய் தெரியும். பாடலிபுத்திரத்துச் சமண மடத்தில் தருமசேனராக இருந்தவர், வலி பொறுக்காமல் அக்காவுக்கு ஆள் அனுப்புகிறார். மடத்துக்கு வரமாட்டேன் என்கிறார் திலகவதியார். இரவோடு இரவாகத் தம்பியே வந்து காலில் விழுகிறார். திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிப் போகிறார் அக்கா. சேக்கிழார் சொன்ன கதை இது. தம்பியின் வலி தீர்ந்ததைச் சொல்லிச் சொல்லி மகிழும் நாம், அக்கா வாழ்ந்த வாழ்க்கையை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பெற்றோர் போனார்கள்; மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார்; தானும் உயிரை விடத் துணிந்தவர், தம்பிக்காக இருந்தார். தியாகம் என்று கும்பிட்டுவிட்டால், அதற்கு மேல் அவருக்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை அல்லவா?

புற்றுநோய் வந்த வீடுகளில் இன்றும் இந்தக் கும்பிடுதான் நடக்கிறது. திருவதிகை இருக்கும் பண்ருட்டிப் பக்கத்துக் குடும்பம் சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போகும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. நிலத்தை விற்காமல் அறுவை சிகிச்சை நடக்கிறதென்றால் அது பெரிய காரியம்தான், குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் அந்தப் பணம் மருத்துவமனைக்குப் போகிறது. கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரம். நோயாளியோடு யாராவது போயே ஆக வேண்டும். பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். முந்திரி உடைத்தால்தான் கூலி என்று இருக்கும் பெண்ணுக்கு, அந்த வாரங்களில் வருமானம் இல்லை. பேருந்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும் மட்டும் உண்டு. இந்த இழப்பை ஈடுகட்டும் பொறுப்பு மற்றவர்களுக்கு உண்டா? அல்லது உறவின் கடமை என்று அவள் தலையிலேயே விட்டுவிடலாமா?

பணம் கொடுத்தால் பாசம் கூலி வேலை ஆகிவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். இதற்குத் தமிழ்நாடே பதில் சொல்லியிருக்கிறது. கர்ப்பிணிகள் இழக்கும் வருமானத்தை ஈடுகட்டவும் சத்தான உணவுக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள திட்டம், ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்குத் தருகிறது. அதனால் தாய்மை கூலியாகிவிட்டது என்று யாரும் புலம்பவில்லை. அதே முத்துலட்சுமி ரெட்டிதான், தங்கை புற்றுநோயில் இறந்த துயரத்தை மறக்காமல், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஒரு பெண்ணின் உடல் சுமப்பதற்கு ஈடு கொடுக்கலாம், இன்னொரு பெண் மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்துப் படுப்பதற்குக் கொடுக்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

நிதி பற்றிய தடை இதைவிடக் கனமானது. துணைக்கு இருப்பவருக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு நோயாளிக்கு மருந்து வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். ஆனால் கூட வர ஆளில்லாமல் சிகிச்சை பாதியில் நின்றால், அதுவரை கொட்டிய பணமும் சேர்ந்து போகிறது. ரயில்வே இதை எப்போதோ புரிந்துகொண்டது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் கட்டணமே இல்லை, உடன் செல்பவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. கேரளத்தின் ஆசுவாசகிரணம் திட்டம், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்தது. அற்பத் தொகைதான். இருந்தாலும் அந்த ஆளுக்கென்று அரசின் ஏட்டில் ஒரு வரி இருக்கிறது.

உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று. பணம் வருகிறதே, நீயே பாரு என்று மருமகளையே நிரந்தரமாக உட்கார வைத்துவிடுவார்கள். தியாகம் என்று சொல்லிக் கட்டிப்போட்டதை உதவித்தொகை என்று சொல்லிக் கட்டிப்போடுவது முன்னேற்றம் ஆகாது. ஆகவே தொகை ஒருவர் பெயரில் நிற்காமல், எந்த நாளில் யார் துணைக்குப் போனாரோ அவருக்கே சேர வேண்டும். மகன் போனால் மகனுக்கு. அப்போதாவது மகன்கள் போவார்களா பார்க்கலாம்.

காசு மட்டும் போதுமா என்றால், போதாது. பார்க்க வருகிறவர்கள் ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வைத்துவிட்டு, எப்படி வந்தது, அந்த ஊர் வைத்தியரைப் பார்த்தீர்களா என்று கேட்டு எழுந்து போகிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவளிடம், நீ தூங்கி எத்தனை நாளாச்சு என்று கேட்பவர் அபூர்வம். அவள் அழ ஓர் இடம் வேண்டும். அழுதால் நோயாளி பயந்துவிடுவார் என்று அதையும் அடக்கிவைத்திருப்பாள்.

சிகிச்சைச் செலவில் துணைக்கு இருப்பவரின் இழந்த கூலியும் சேர்ந்தே இருக்கிறது. அதை அரசு தர வேண்டும், கருணையாக அல்ல, கணக்காக. அது வரும்வரை உறவினரும் அக்கம்பக்கத்தாரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை பார்க்கப் போகும்போது பழம் வேண்டாம். இரண்டு ராத்திரி தங்கி, அவளை வீட்டுக்கு அனுப்புங்கள்.