மழை யாரைத் தண்டிக்கிறது?

1932 செப்டம்பரில் புனேயின் ஏரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதத்தை முடித்தபோது தாகூர் அருகில் இருந்தார். பதினாறு மாதம் கழித்து இருவருக்கும் கருத்து மோதல். 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பூகம்பம் உலுக்கியது. தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை அது என்று நம் திருநெல்வேலிக் கூட்டத்தில் காந்தி பேசினார். இயற்கை நிகழ்வை மனிதரின் பாவ புண்ணியத்தோடு முடிச்சுப் போடக் கூடாதென்று தாகூர் எழுதினார். அந்த மறுப்பைக் காந்தி தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் சொன்னார்.

அந்தச் சிறைக்குக் கொஞ்ச தூரத்தில் குடியிருக்கும் எனக்கு இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. முலா-முத்தா ஆறு பெருகும் ஆடி மாதத்தில் எங்கள் தெருவில் யாராவது 'தெய்வக் குத்தம்' என்கிறார்கள்.

நான் பக்தி உள்ளவள். நல்லவர்களுக்காகத்தான் மழை என்று பள்ளியில் படித்து வளர்ந்தவள். ஆனி பிறந்துவிட்டால், விளக்கேற்றிய கையோடு கைபேசியில் 850 ஹெக்டோபாஸ்கல் காற்று வரைபடத்தைத் திறப்பேன். காற்றழுத்தம் அந்த அளவுக்குக் குறையும் உயரம், கடல் மட்டத்திலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர். பருவக்காற்றின் வேகம் அங்கேதான் நன்றாகத் தெரியும். அரபிக்கடலிலிருந்து வரும் அம்புக்குறிகள் நீண்டு, நெருங்கி, சகியாத்ரி மலையில் நேராக மோதினால், மலையில் கொட்டப்போகிறது. 700-இல், சுமார் மூன்று கிலோமீட்டர் உயரத்தில், ஈரம் எப்படி என்றும் பார்த்துக்கொள்வேன்.

ஊரின் மறுகோடியில், பாஷாணில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கணினி மாதிரி, 2025 மே மாதத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் கட்டங்களில் கணக்குப் போடுகிறது. கட்டத்துக்குள் அழுத்தம், வெப்பம், ஈரம், காற்று போகும். அங்கே வசிப்பவர் என்ன பாவம் செய்தார் என்ற விவரம் போவதில்லை. அது இல்லாமலேயே பெருமழை பல நேரம் முன்கூட்டிப் பிடிபடுகிறது. பாவம்தான் காரணமென்றால் இந்தக் கணக்கு பலிக்கவே கூடாது. கணிப்பு தவறும் நாளைக் காட்டி 'அதுதான் தெய்வச் செயல்' என்பதையும் நான் ஏற்கவில்லை. தொடக்க அளவீட்டில் இம்மி பிசகினாலும் நாளாக ஆகப் பிசகு பெருகும்; அதனால்தான் தொடக்கத்தைச் சற்றே மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். நம் அளவையின் குறையில் கடவுளைக் குடிவைப்பது அவருக்குச் சிறுமை.

இதுவரை நான் தாகூர் பக்கம். ஆனால் காந்தியை அப்படியே தள்ளிவிடவும் முடியவில்லை. ஏரவாடாவில் வெறும் தூறலாக இருக்கும். மலையில் பெய்த தண்ணீர், கடக்வாஸ்லா அணை நிரம்பித் திறந்ததும் முத்தா வழியே இறங்கி, முலாவோடு கூடி, எங்கள் கரையோரச் சந்துகளில் ஏறும். மேட்டில் மனை வாங்க வழியில்லாதவர்களின் தகர வீடுகள் அங்கேதான். அவர்களில் பலர், ஊர் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைத்தவர்கள். வெள்ளம் வடிந்தபின் ஒரு வீட்டுக்குள் போனேன். சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. டின்னில் ரேஷன் அரிசி ஊறிப் புளித்துக் கிடந்தது. யார் வீடு மூழ்க வேண்டும் என்று முன்னமே முடிவு செய்தது காற்றழுத்தம் அல்ல, நாம். காந்தி சொன்ன பாவம் அங்கே இருக்கிறது.

முன்னறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தெய்வத்தின் மேல் பழிபோடுவது பக்தி ஆகாது. மேட்டுத்தெருக் கோயில் நிர்வாகிகளே, சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று மாலையே மண்டபத்தைத் திறந்து பாய் விரியுங்கள். கீழ்ச்சந்து மக்களை நீங்களே போய் அழைத்து வாருங்கள்.